ஒன்பதாம் நம்பர் ரூமில் இல்லாதவர்

அமெரிக்காவுல கென்டக்கி மாநிலத்துக்காரர் வெர்லின் ஸ்டாம்பரோட மகள் ரெனிக்குச் சனிக்கிழமை கல்யாணம், பக்கத்து மாநிலத்துல. சட்டைக்குள்ள துப்பாக்கியை ஒளிச்சு வெச்சுக்க அவர்கிட்ட இருந்த பர்மிட் அங்க செல்லாது. பத்தொம்பது வருஷமா பால் வாங்கக்கூட அவர் துப்பாக்கி இல்லாம போனதில்லை.

ரோட்டோர ஓட்டல்ல சிநேகிதன் ஹார்லன் பர்ஸைப் பிரிச்சு அஞ்சு மாநிலத்துப் பர்மிட்டைச் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினான். "ஒத்தை பர்மிட்காரனை இப்ப யாருய்யா மதிக்கிறா? வெளிமாநிலத்தார் பர்மிட்டுன்னு ஒண்ணு குடுக்கறான், வாங்கிப் போடு."

வீட்டுக்கு வந்தா, "துப்பாக்கியை இங்கயே வெச்சுட்டு வாயேன்"னாள் மனைவி லொரெட்டா.

"போற இடத்துல ஏதாவது ஆச்சுன்னா?"

"கல்யாணம்தான் ஆகப் போகுது." அவ கல்யாண வேலைக்காக முன்னாடியே கிளம்பிப் போயிட்டாள்.

திங்கட்கிழமை, துப்பாக்கியை வண்டிப் பெட்டியில பூட்டிக்கிட்டு, வெர்லின் அந்த மாநில லைசென்ஸ் ஆபீஸ் ஜன்னல்ல நின்னார். உள்ளே கிளார்க் திருமதி ப்ரூயட்.

"நீங்க இந்த மாநிலத்துல குடியிருக்கலைங்கறதுக்கு அத்தாட்சி?"

"நான் கென்டக்கியில குடியிருக்கேம்மா. இந்தாங்க."

"இது அங்க இருக்கீங்கங்கறதுக்கு. இங்க இல்லைங்கறதுக்கு என்ன இருக்கு? சிலருக்கு ரெண்டு வீடு. எந்த விலாசத்துல நீங்க குடியிருக்கலையோ, அந்த வீட்டுக்காரர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க."

எதிர்ல ஒரு மோட்டல் இருந்துச்சு. அதோட முதலாளி நியாயஸ்தர். "முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு எப்படிங்க லெட்டர் குடுக்கறது? ரூம் எடுங்க, குடுக்கறேன்."

ஒன்பதாம் நம்பர் ரூம் எடுத்தார். லெட்டர் கைக்கு வந்துச்சு: 'மேற்படி ஸ்டாம்பர் இவ்விடம் குடியில்லை என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.'

திருமதி ப்ரூயட் லெட்டர்ல முத்திரை குத்தினாங்க. "ஆய்வாளர் வந்து நீங்க அங்க இல்லைங்கறதை நேர்ல பாப்பாரு."

"அப்ப நான் கிளம்பிடட்டுமா?"

"கிளம்பிட்டா, நீங்க இல்லைன்னு அவருக்கு யாரு சொல்றது?"

அதுவும் சரிதான்னு வெர்லினுக்குப் பட்டுச்சு. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி நாலு நாளும் கட்டில் நுனியில கல்யாணக் கோட்டோட உக்காந்து, அங்க இல்லாம இருந்தார். தினமும் ராத்திரி ரெனி போன். "அப்பா, சர்ச்சுக்குள்ள என் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக யாரு இருக்கா?"

"இதோ வந்துட்டேம்மா. நான் இல்லைன்னு ஆயிட்டா போதும்."

சனிக்கிழமை காலையில ஆய்வாளர் வந்து கதவைத் தட்டினார்.

"இங்க வெர்லின் ஸ்டாம்பர்னு யாராவது குடியிருக்காங்களா?"

"இல்லைங்க."

"நீங்க யாரு?"

"வெர்லின் ஸ்டாம்பர்."

"நல்லதாப் போச்சு. சம்பந்தப்பட்டவரே சொன்னா சந்தேகமே இல்லை." பர்மிட் கைக்கு வந்துச்சு.

வெர்லின் துப்பாக்கியை இடுப்புல சொருகிக்கிட்டுப் பறந்தார். பதினொரு மணிக் கல்யாணம், பதினொண்ணு பத்துக்குச் சர்ச். வாசல்ல புதுசா ஒரு போர்டு: 'உள்ளே துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. காரிலேயே விட்டு வரவும்.'

மைதானம் முழுக்கக் கார். கார் முழுக்க ஆளுங்க. ஒருத்தரும் இறங்கலை.

பக்கத்துக் கார் கண்ணாடி இறங்குச்சு. உள்ள மாப்பிள்ளை. "வாங்க மாமா. நீங்க உள்ள போங்க, உங்க துப்பாக்கியை நான் பாத்துக்கறேன்."

"நீ முதல்ல போ மாப்பிள்ளை. உன்னோடதை நான் பாத்துக்கறேன்."

"பெரியவங்க, நீங்க போங்க."

"கல்யாணம் உனக்குய்யா."

நாலாவது காருக்குள்ள பாதிரியார் பைபிளைப் புரட்டிக்கிட்டு இருந்தார்.

வெள்ளை கவுனோட ரெனி படிக்கட்டுல வந்து நின்னாள். பக்கத்துல லொரெட்டா. அப்பாவைப் பாத்தாள், மாப்பிள்ளையைப் பாத்தாள், வரிசையா எல்லாக் காரையும் பாத்தாள்.

"துப்பாக்கி இல்லாதவன் எவனாவது இருந்தா கையைத் தூக்குங்க. அவனையே கட்டிக்கறேன்."

அத்தனை காரிலேயும் ஒரு கைகூட எழும்பலை.