உயிரோடு இருக்கும் அப்பாதுரை பெரியப்பாவுக்கு

திருவண்ணாமலை
ஞாயிறு காலை

அடி அண்ணாமலையில் இருக்கும் பெரியப்பா அவர்களுக்கு, தம்பி மகன் இனியன் வணங்கி எழுதுவது. இங்கு நானும் கீர்த்தனாவும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்பதுதான் முறை. கேட்க எனக்கு வாய் இல்லை. உங்களைச் சாகடித்தவன் நான்.

போனில் பேசலாம். பேசினால் மறுபடி ஏதாவது பொய் வந்துவிடும். எழுத்தில் வராது என்று நம்புகிறேன்.

கல்யாணமாகி இரண்டு வருடம். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஆரணியிலிருந்து திருமலை மாமா, அம்மாவின் தம்பி, வேன் வைத்து வருகிறார். பன்னிரண்டு பேர். எங்கள் இரண்டு அறை வீட்டில் குளித்து, சாப்பிட்டு, கிரிவலம் போய், கால்வலியோடு திரும்பி வந்து படுப்பார்கள். கீர்த்தனா எலுமிச்சைச் சோறு கிளறுவாள். போன மாதம் அண்டாவைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஒரே ஒரு பௌர்ணமிய கடல்ல பாக்கணுங்க." மகாபலிபுரத்தில் இரண்டு நாளுக்கு அறை போட்டேன்.

மாமாவிடம் வராதீர்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஊரில் இல்லை என்றால் சாவியைக் கேட்பார். தீட்டு என்றால் மட்டும்தான் வரமாட்டார். தீட்டு வீட்டில் தங்கி மலை சுற்ற முடியாது. தீட்டுக்குப் பங்காளி ஒருவர் சாக வேண்டும். எனக்கு இருக்கிற பங்காளி நீங்கள் ஒருவர்தான். வெள்ளிக்கிழமை போன் செய்தேன். பெரியப்பா தவறிட்டார் என்றேன். எப்போது எடுக்கிறீர்கள் என்றார். நேற்றே எடுத்தாச்சு, நான்தான் கொள்ளி வைத்தேன் என்றேன். கேட்காததையும் சொன்னேன். மாமா அழுதார். என் குரலும் உடைந்தது. அது நடிப்பில்லை. அப்பா போனபோது என் கையைப் பிடித்துச் சுடுகாடு வரை நடத்திப் போனது நீங்கள். அந்த ஞாபகம் வந்துவிட்டது. அதையும் பொய்க்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

கீர்த்தனாவிடம், மாமா இந்த மாதம் வரவில்லை என்று மட்டும் சொன்னேன்.

ஒன்றை மறந்தேன். நம் ஜனம் கல்யாணத்துக்கு வராமல் இருக்கும். துக்கம் கேட்க வராமல் இருக்காது.

மீதியை ரேவதி பிறகு போனில் சொன்னாள். தன் அப்பாவைக் கொன்றவனிடம் உங்கள் மகள் இவ்வளவு சிரித்துப் பேசியது இன்னும் உறுத்துகிறது. சனிக்கிழமை நாலு மணிக்கு நீங்கள் கிரிவலப் பாதையில் சுக்குக் காப்பி விற்றுக்கொண்டிருக்க, மாமா வீட்டு அத்தை தெருமுனையிலேயே வேனை விட்டிறங்கி மாரில் அடித்துக்கொண்டு வர, பின்னால் பதினொரு பேரும் அழுதுகொண்டு வர, "யார் வூட்லமா சாவு?" என்று நீங்களே கேட்க, மாமாவின் கையில், ரேவதியின் கல்யாண ஆல்பத்திலிருந்து பெரிதாக்கி ஃபிரேம் போட்டு மாலை மாட்டிய உங்கள் படம் இருக்க, அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்லாத்தான் கீது, பொட்டுதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லி, பன்னிரண்டு பேருக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்தீர்களாம்.

அப்போது நான் முழங்கால் தண்ணீரில் நின்றேன். முதல் அலை செருப்பைக் கொண்டுபோயிருந்தது. கீர்த்தனா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உங்கள் எண்ணிலிருந்து போன் அடித்தது. கை ஈரம். ஸ்பீக்கரில் போட்டேன்.

"டேய் இனியா, எங்கடா கீற? எல்லாரும் வந்துட்டாங்க, கொள்ளி வெச்சவன மட்டும் காணோம்."

அலைச் சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கும்.

"கேட்டுக்க. எனக்கு ஒருவாட்டி வெச்சுட்ட, அது போதும். நெஜமா போனா அர்ஜுனன் வெப்பான். அவன்கிட்ட சொல்லிட்டேன்."

அர்ஜுனன் பக்கத்துக் கடைக்காரன். சொந்தம்கூட இல்லை.

யாருக்குக் கொள்ளி வைத்தீர்கள் என்று கீர்த்தனா கேட்டாள். சொன்னேன். கடலுக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்தாள். "இதுக்கு நான் அண்டாவே கழுவியிருப்பேன்" என்றாள்.

உடனே கிளம்பினோம். இன்று விடிந்ததும் உங்கள் தெருவுக்கு வந்தேன். நீங்கள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தீர்கள். வேப்பமரத்துக்குப் பின்னால் அரை மணி நேரம் நின்றேன். கிட்டே வரக் கால் எழவில்லை. திரும்பிவிட்டேன்.

கேட்பது ஒன்றுதான். அர்ஜுனனிடம் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஆண் பிள்ளை இல்லாவிட்டால் என்ன, இனியன் கீறான் என்று நீங்கள் ஊரில் சொல்லிவந்தது எனக்குத் தெரியும். அந்த இடம் எனக்கு வேண்டும். அவசரம் இல்லை. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். ரேவதிக்கு அன்பு. நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும். நான் சொல்லிப் பலிக்குமா தெரியவில்லை.

தலை குனிந்தபடி,
இனியன்

பி.கு.: கீர்த்தனா இதைப் படித்துவிட்டாள். வேப்பமரத்து வரிகளை அடித்துவிடச் சொல்கிறாள். நாங்கள் கிளம்பவில்லை. இன்னும் மகாபலிபுரத்தில் அதே அறையில்தான் இருக்கிறோம். மேலே திருவண்ணாமலை என்று போட்டதும் பொய். நேற்று அவள் அழுது முடித்த பிறகு நிலா வந்தது. பார்த்தோம். நன்றாக இருந்தது. அதுவும் வெட்கமாக இருக்கிறது. இதைத் தபாலில் போடக் கூடாதாம். பதினோரு மணி பஸ்ஸில் வருகிறோம். உங்கள் கையில் கொடுத்துவிட்டு நான் எதிரில் நிற்க வேண்டும், நீங்கள் கடைசி வரி வரை படித்து முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்கிறாள். இதுதான் கடைசி வரி.