நூற்றுக்கு இரண்டு பங்கு சேறு

அன்று டயர் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, மனைவியின் தம்பி, கடைக்காரர், ஒரு மெக்கானிக். மெக்கானிக் என் பிக்கப்புக்கு அடியில் படுத்திருந்தார். முழங்காலுக்குக் கீழேதான் வெளியே தெரிந்தார். ஆனாலும் அவரை முழு ஆளாகவே எண்ணியிருக்கிறேன். முப்பத்தொரு வருடம் எடைமேடையில் லாரிகளை எடை போட்டுப் பிழைத்தவன் நான். அரைகுறையாக எண்ணிப் பழக்கமில்லை.

அந்தப் பழக்கம்தான் அன்று என்னைக் கவிழ்த்தது.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு முதலாளி மாறினாரே தவிர, வேலை நிற்கவில்லை. என் மனைவி முன்னறையில் நான்கு மெஷின் போட்டுத் திரைச்சீலையும் தலையணை உறையும் தைத்து விற்கிறாள். மூட்டைகளைப் பிக்கப்பில் ஏற்றி மூன்று கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. ஞாயிறு தவிர எல்லா நாளும். சம்பளம் மூன்று வேளைச் சாப்பாடு. பாராட்டு அதில் சேராது.

டாக்டர் எனக்குச் சர்க்கரையை நிறுத்தச் சொல்லிப் பதினோரு மாதம் ஆகிறது. டாக்டர் சொன்னார், இவள் நிறுத்தினாள். வீட்டிலிருந்த சர்க்கரை டப்பா அன்றைக்கே மாயமானது. அது எங்கே இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது எனக்குக் கிடைக்கும் தேநீருக்கும் துணி அலசிய தண்ணீருக்கும் சூடு ஒன்றுதான் வித்தியாசம்.

மனிதன் எத்தனை நாள் தாங்குவான்? நான் ஒரு நாள் தாங்கினேன்.

இரண்டாவது கடைக்கும் மூன்றாவது கடைக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து ஒரு சந்து பிரிகிறது. அதன் கோடியில் ஒரு பேக்கரி. க்ரீம் பன் போடுவார்கள். உள்ளங்கை அகலம். நடுவில் வெட்டி, இரண்டு பக்கமும் பிதுங்கும்படி க்ரீம் வைத்திருப்பார்கள். தினமும் இரண்டு சாப்பிடுவேன். வண்டியிலேயே உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு. ஒரு நாளில் எனக்கென்று இருந்த நேரம் அந்தப் பத்து நிமிடம்தான்.

ஒரே தொல்லை, பேக்கரி வாசல். பாத்திரம் கழுவும் தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். சேற்றை மூடுவதற்குப் பேக்கரிக்காரர் உடைத்த முட்டை ஓடுகளைக் கூடை கூடையாகக் கொட்டுவார். சேறு மூடவில்லை. முட்டை ஓடு கலந்த சேறாக ஆனது, அவ்வளவுதான்.

போன வாரம் என் மொட்டை டயர் அந்தச் சேற்றில் சிக்கியது. முன்னே போகவில்லை, பின்னே வரவில்லை. பேக்கரி ஆட்கள் நான்கு பேர் வந்து தள்ளினார்கள். வீட்டுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள் மனைவி.

"பஞ்சர்," என்றேன்.

"அடிக்கடி பஞ்சராகுற டயரை நம்பி என் துணியை ஏத்த முடியாது. நாளைக்குப் போய் மாத்திடுவோம்."

மாத்திடுங்க என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மாத்திடுவோம் என்றாள். அதனால் இரவே ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். வாங்கினால் சேற்றைக் கவ்விப் பிடிக்கிற டயர்தான் வாங்குவது. இதில் யார் பேச்சும் எடுபடக் கூடாது. என்னுடைய இரண்டு பன்னும் இனி அந்த நான்கு டயரை நம்பித்தான் இருந்தன.

இனி கடைக்கு வருகிறேன். கடைக்காரர் மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்து வரிசையாகச் சாத்தினார்.

"இது தார் ரோட்டுக்கு. இது சேத்துக்கு. நடுவுல இருக்கறது ரெண்டுக்கும். வண்டி தினம் எங்கம்மா ஓடுது?"

கேள்வியை என் மனைவியைப் பார்த்துத்தான் கேட்டார். கடைக்காரர்கள் ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுகிறார்கள். எடைமேடையே தேவையில்லை.

"வீட்டுலேருந்து மூணு கடை. மூணும் தார் ரோட்டு மேல இருக்கு," என்றாள்.

"அப்போ முதல் டயர் போதும். சத்தம் வராது. டீசல் குடிக்காது. மழையில பிரேக் அடிச்சா நிக்கும்."

நான் தொண்டையைச் செருமினேன். "அந்தக் கட்டை கட்டையா வெட்டியிருக்கே, அது எப்படி?"

"அது குவாரி, காடு, செங்கச் சூளைன்னு போற வண்டிக்குங்க ஐயா."

"நாம ஏத்தறது தலையணை உறை," என்றாள் மனைவி. "குவாரியில யாரு படுத்துத் தூங்கறா?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"யாருக்குப் பாதுகாப்பு?"

இதற்கு உண்மையான பதில் என்னிடம் இருந்தது. சொல்ல முடியாது.

மைத்துனர் உள்ளே புகுந்தார். அவர் வாழ்நாளில் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. எல்லா வண்டியைப் பற்றியும் கருத்து சொல்வார். "மாமா, நடுவுல இருக்கறதை எடுங்க. ரெண்டுக்கும் ஆகும்."

"ரெண்டுக்கும் ஆகும்னா எதுக்கும் முழுசா ஆகாதுன்னு அர்த்தம்," என்றாள் அக்கா. "உன்னை மாதிரி."

அவர் டயரை விட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

பிறகுதான் கடைக்காரர் அதைக் கேட்டார். "ஐயா, வண்டி ஓட்டறது நீங்கதானே. நீங்களே சரியாச் சொல்லுங்க. நூறு பங்கு ஓடினா எத்தனை பங்கு தார், எத்தனை பங்கு சேறு?"

எல்லாமே தார் என்று சொல்லிவிட்டு, வேறு ஏதாவது காரணம் காட்டியிருக்கலாம். புத்தியுள்ள எந்தப் புருஷனும் அதைத்தான் செய்வான். ஆனால் என்னிடம் கேட்டது எண்ணிக்கை. எண்ணிக்கை என்று காதில் விழுந்ததும் என் மண்டைக்குள் எடைமேடை முள் ஆட ஆரம்பித்துவிடும். இந்தப் பக்கம் ஆடி, அந்தப் பக்கம் ஆடி, ஓரிடத்தில் நிற்கும். நின்றதை வாய் படித்துவிடும். முப்பத்தொரு வருடப் பழக்கம்.

"தொண்ணூத்தெட்டு தார், ரெண்டு சேறு," என்றது வாய்.

வண்டிக்கு அடியில் ஸ்பேனர் சத்தம்கூட நின்றது.

"அந்த ரெண்டு எங்கங்க இருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

"அது வந்து, எதிர்ல பஸ் வந்தா ஓரமா ஒதுங்குவோம்ல."

"ஓரத்துல தூசிதான் இருக்கும். சேறு எப்படி வந்துச்சு?"

"மழை பெஞ்சா."

"மழை பெஞ்சு மூணு மாசமாச்சு."

அப்போது வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணே, மட்கார்டுக்குள்ள சேறு காஞ்சு பத்தை பத்தையா ஒட்டியிருக்கு. சுரண்டவா? உள்ள முட்டை ஓடு வேற நிறைய இருக்கு."

அவரை முழு ஆளாக எண்ணியது தவறே இல்லை.

"முட்டை ஓடா," என்றாள் மனைவி. மெதுவாகச் சொன்னாள். அவள் கத்தினால் பயமில்லை. குரல் இறங்கினால்தான் நான் ஒதுங்க இடம் தேடுவேன்.

"ஏதாவது கோழி..." என்றேன்.

"கோழி மட்கார்டுக்குள்ள ஏறி முட்டை போட்டுச்சா?"

"ஓடற வண்டியிலயா மாமா?" என்றார் மைத்துனர்.

"நீ சும்மா இருப்பா," என்றேன்.

மனைவி சற்று நேரம் மூன்று டயர்களையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முகம் மலர்ந்தது. "சரி, அவர் இவ்வளவு ஆசைப்படறாரு. சேத்து டயரையே பாத்துடலாம். ஓட்டிப் பாக்க முடியுங்களா?"

"ரிம்மோட ஒரு செட் இருக்கும்மா. இதே வண்டிக்குச் சேரும். மாட்டி ஓட்டிப் பாருங்க. பிடிச்சிருந்தா புதுசு போட்டுத் தர்றேன்."

எனக்குக் கண் கலங்கியது. முப்பத்தெட்டு வருட இல்லறத்தில் என் பேச்சு எடுபட்ட முதல் நாள் என்று நினைத்தேன். நானே போய் மெக்கானிக்கிடம் நட்டுகளை எண்ணிக் கொடுத்தேன்.

டயர் மாறியது. மூவரும் ஏறினோம். மனைவி நடுவில், மைத்துனர் ஓரத்தில். தார் ரோட்டில் வண்டி ஏறியதும் ஒரு சத்தம் கிளம்பியது. மாவு மில்லைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு போவது போல இருந்தது. அந்தச் சத்தத்திலும் மனைவி பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவள் குரலை அடக்குகிற டயரை இன்னும் யாரும் செய்யவில்லை.

"அந்த ரெண்டு பங்குக்குப் போங்க."

"எதுக்கு?"

"சேத்து டயரைத் தார் ரோட்டுல ஓட்டிப் பாத்தா என்ன தெரியும்?"

நியாயம்தான். அவளோடு வாழ்வதில் உள்ள பெரிய கஷ்டமே அவள் பக்கம் எப்போதும் நியாயம் இருப்பது.

நான் ஒரு தந்திரம் செய்தேன். ஊருக்கு வெளியே ஒரு செங்கல் சூளை உண்டு. மண் குழைக்கிற இடத்தில் வருடம் முழுவதும் சேறு. வண்டியை அங்கே விட்டேன். டயர் சேற்றை அப்படியே கவ்வி இழுத்தது. இறக்கத்தில் இறங்கி மேட்டில் ஏறிக் காட்டினேன்.

"பாத்தியா? இதுதான் அந்த ரெண்டு பங்கு," என்றேன்.

மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். குனிந்து பார்த்தாள். கால் விரலால் இரண்டு இடத்தில் கிளறினாள். திரும்பி வந்து ஏறிக்கொண்டாள்.

"நல்ல சேறு. ஆனா இதுல முட்டை ஓடு இல்லையே. இது யாரோ ஒருத்தரோட சேறுங்க. நம்ம சேத்துக்குப் போங்க."

மைத்துனர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

இப்போதும் எனக்கு ஒரு வழி இருந்தது. பேசாமல் மெயின் ரோட்டிலேயே நேராகப் போய்க் கடைக்குத் திரும்பிவிடுவது. தேடியும் கிடைக்கவில்லை என்றால் யார் என்ன செய்ய முடியும்? அப்படித்தான் போனேன். சந்து வந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கழுத்தை நேராக வைத்திருந்தேன்.

"மாமா," என்றார் மைத்துனர், "இண்டிகேட்டர் போட்டுட்டீங்க."

பார்த்தேன். ஆமாம். டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. பதினோரு மாதப் பழக்கம். கை தானாகவே போட்டிருக்கிறது. வாயைத்தான் நம்ப முடியவில்லை என்று நினைத்தேன், கையும் அதோடு சேர்ந்துகொண்டது.

"போட்டாச்சுன்னா திரும்பிடுங்க," என்றாள் மனைவி. "பின்னால வர்றவங்க குழம்பிடுவாங்க."

திரும்பினேன்.

பேக்கரி வாசலில் சேறு இருந்தது. அதன்மேல் முட்டை ஓடுகள் வெயிலில் வெள்ளை வெளேரென்று மின்னின. என் மனைவி ஒரு பெருமூச்சு விட்டாள், தொலைந்த ஊசி அகப்பட்டது போல.

வண்டிச் சத்தம் கேட்டுப் பேக்கரிக்காரர் வெளியே வந்தார். கையில் காகிதப் பை. "வாங்க ஐயா, வழக்கமான ரெண்டு," என்று நீட்டினார். பிறகு உள்ளே பார்த்தார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"அட, அம்மாவா? ஒரு நாளாவது கூட்டிட்டு வாங்கன்னு ஐயாகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"என்னை உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் மனைவி.

"தெரியாம என்னம்மா? தினம் ஒண்ணு அவருக்கு, ஒண்ணு உங்களுக்கு. வீட்டுக்காரிக்கு வாங்காம எனக்குத் தொண்டையில இறங்காதும்பாரு. இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா?"

இதை நான் விளக்க வேண்டும். எனக்குக் கூச்சம் அதிகம். முதல் நாள் இரண்டு பன் கேட்டபோது, வயசான காலத்தில் இவ்வளவு தின்கிறானே என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று வெட்கமாகப் போய்விட்டது. ஒன்று மனைவிக்கு என்று சொல்லிவைத்தேன். வெட்கப்பட்டு ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னதற்கு இவ்வளவு தண்டனை தேவையா என்று யோசித்துப் பாருங்கள்.

"அப்படீங்களா," என்றாள் மனைவி. பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "பதினோரு மாசமா எனக்கும் சேத்து வாங்கியிருக்கீங்க. என் கைக்கு வரலை, அவ்வளவுதான். எனக்குன்னு வாங்கினது மட்டும் எத்தனை இருக்கும்?"

நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன். பல்லைக் கடித்தேன். ஆனால் அவள் கேட்டது எண்ணிக்கை. மாதத்துக்கு இருபத்தாறு நாள், பதினோரு மாதம். முள் ஆடியது. நின்றது.

"நேத்து வரைக்கும் இருநூத்தி எண்பத்தாறு."

"அத்தனையும் எனக்கு வரவேண்டியது," என்றாள். ஒரு பன்னை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தாள். "சாப்பிடு. என் கணக்குலதான்."

இன்னொன்றை அவளே சாப்பிட்டாள். அவசரமே இல்லை. விரலில் ஒட்டிய க்ரீமையும் விடவில்லை. மைத்துனர் மீசையில் ஒரு சொட்டு நின்றது. நான் முன் கண்ணாடி வழியாக முட்டை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். பிறகு இறங்கிப் போய்ப் பேக்கரிக்காரரிடம் தனியாக ஏதோ பேசிவிட்டு வந்தாள். அவர் தலையாட்டியது மட்டும் தெரிந்தது.

டயர் கடைக்குத் திரும்பினோம். இனி தார் ரோட்டு டயர்தான், எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

"சேத்து டயரே போடுங்க, நாலும்," என்றாள் மனைவி.

எனக்குப் புரியவில்லை. "மூணு கடையும் தார் ரோட்டு மேலன்னு நீதானே சொன்னே?"

"தினம் சேத்துக்குப் போகணுமேங்க. ஒரு நாளுக்கு ஒண்ணுன்னு எனக்கு வாங்கிட்டு வரணும். பாக்கி இருக்குல்ல. ஒண்ணுக்கு மேல உங்களுக்குக் குடுக்க வேண்டாம், பையை ஸ்டேப்ளர் அடிச்சுக் குடுங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"அந்தச் சத்தம்?"

"அதுக்காகவே போடலாம். நீங்க தெருமுனையில திரும்பறப்பவே கேக்கும். நான் மெஷினை நிறுத்திட்டு, கையைக் கழுவிட்டு ரெடியா இருப்பேன்."

கடைக்காரர் டயர்களை உருட்டப் போனார். நான் கேட்ட டயர் எனக்குக் கிடைத்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது. சேற்றைக் கவ்வ டயர் வாங்கப் போய் நான்தான் மண்ணைக் கவ்வினேன்.

"இப்படி எத்தனை நாளைக்குக்கா?" என்று கேட்டார் மைத்துனர்.

"அவரையே கேளு. கணக்கு அவருக்குத்தான் தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மறுபடி வண்டிக்கு அடியில் படுத்துவிட்ட மெக்கானிக்கும்கூட முழுசாக வெளியே வந்து பார்த்தார். இந்த முறை பதில் சொல்வதில்லை என்று உறுதியாக இருந்தேன்.

"இன்னிக்கு ரெண்டு போக," என்றது வாய், "மீதி இருநூத்தி எண்பத்து நாலு."