சத்தம் புகாத கதவும் ஊசித் துளைகளும்

உலகம் தோன்றிய நாள் முதல், கூட்டம் போடாமல் ஒரு தொழிற்சாலையும் உருப்பட்டதாக வரலாறு கிடையாது. இந்த மாபெரும் உண்மையைக் கண்டறிந்த பெருமை, படகு உடலுக்கு அச்சு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியின் தர அதிகாரியைச் சேரும். அவர் முதலாளியின் அக்காள் கணவர். அந்த உறவுக்கும் இந்தப் பதவிக்கும் எள்ளளவும் சம்பந்தம் இல்லை என்று அவரே பல கூட்டங்களில் தெளிவுபடுத்தியிருக்கிறார்.

அந்த அக்காள்தான் அச்சுப் பிரிவின் தலைவி. ஒற்றை மேசையோடு தொடங்கி அந்தப் பிரிவை வளர்த்தவள். வேலை என்னவோ சொல்வதற்குச் சுலபம். பிசின் ஊறிய கரிநார்த் துணி, பிரிப்ரெக் என்பார்கள், உறைபெட்டியில் சுருளாகக் கிடக்கும். குளிர் போனபின் பிரித்து, மாதிரிப் படகின்மேல் ஒரு அடுக்கு ஒட்ட வேண்டும். அதைப் பிளாஸ்டிக் பையால் மூடி, பம்பு வைத்துக் காற்றை உறிஞ்ச வேண்டும். பை துணியை அமுக்கிப் பிடிக்க, அடியில் சிக்கிய காற்று வெளியேறிவிடும். பிறகு அடுத்தடுத்த அடுக்குகள், கடைசியில் ஓவன். வெளியே வரும் அச்சின் முகம் கண்ணாடியாக இருக்க வேண்டும்.

இருந்தால்தானே! முதல் அச்சின் முகம் முழுக்க ஊசித் துளை. இரண்டாவதும் அதே கதி. வாங்க வந்தவர் விரலால் தடவிப் பார்த்து, "இது அச்சா, சல்லடையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இன்னும் ஒரே ஒரு அச்சு. அதிலும் துளை வந்தால் அச்சுப் பிரிவையே இழுத்து மூடிவிடுவது என்று முதலாளி சொல்லிவிட்டார். தலைவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தர அதிகாரி பொங்கி எழுந்தார். "இதுக்குக் காரணமானவன் எவனா இருந்தாலும் சரி, என் சொந்தக்காரனாவே இருந்தாலும் சரி, கையைப் பிடிச்சு கேட்டுக்கு வெளியே விடுவேன்!" என்று கூட்டத்தில் சபதம் செய்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கூட்டத்துக்கு அவர் குறித்த நேரத்தில்தான் அவருடைய 'மேலாண்மை' பளிச்சிட்டது. பம்பு ஓடும்போது ஆட்களுக்குக் கைவேலை கிடையாது. மனித ஆற்றலை வீணாக்கலாமா? ஆகவே பை போட்டு, காற்றழுத்த மானியில் முள் ஏறியதும் அத்தனை பேரும் கூட்ட அறைக்கு வந்துவிட வேண்டும். பம்புக்குப் பக்கத்தில் ஒரு ஆளாவது நிற்கட்டுமே என்று தலைவி கெஞ்சிப் பார்த்தாள். 'குழு உணர்வு' குலைந்துவிடும் என்று மறுத்துவிட்டார்.

கூட்ட அறைக்குப் பக்கத்திலேயே பம்பு. அது போடுகிற கூச்சலில் பக்கத்து நாற்காலிக்காரர் பேசுவது கேட்காது. அதற்காகவே அதிகாரி சத்தம் புகாத கதவு ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி மாட்டியிருந்தார். எல்லோரும் உட்கார்ந்த பிறகு, வெளியே ஏதோ சில்லறை வேலையை முடித்துக்கொண்டு கடைசியாக அவர் வருவார். கதவைச் சாத்துவார். உடனே அமைதி.

"கதவுன்னா இது கதவு!" என்று முதலாளி வாய் பிளப்பார். அதிகாரி அடக்கமாகச் சிரிப்பார்.

"குளிரோட துணியைப் பிரிச்சிருப்பாங்க சார், ஈரம் கோத்திருக்கும்" என்று தொடங்குவார் ஸ்டோர்காரர்.

"குளிர் முழுசா போன அப்புறந்தான் பிரிச்சோம்" என்பாள் தலைவி.

"மூலையில துணி படியாம பாலம் கட்டி நிக்குதோ?"

"மூலையில சரி. நட்ட நடுவுலயும் துளை இருக்கே?"

"கையில கிரீம் பூசிக்கிட்டு வேலை செய்யறாங்களா?" என்று கர்ஜித்தார் அதிகாரி. அன்றே கிரீம் தடை செய்யப்பட்டது. அடுத்த கூட்டத்தில் தலைக்கு எண்ணெய். அதற்கடுத்ததில் வியர்வை. 'துளை' என்ற சொல் ஊழியர் மனத்தைத் தளர்த்துவதால், இனி 'மேற்பரப்புச் சுவாச வாய்' என்றே குறிப்பிட வேண்டும் என்றும் ஏகமனதாக முடிவாயிற்று. கடைசி அச்சில் கை வைக்குமுன் தினமும் செய்து பார்த்த சோதனைத் துண்டுகள் எல்லாம் அமோகமாகச் சுவாசித்தன.

"ஏங்க, நான் என்னங்க தப்பு பண்றேன்?" என்று வீட்டில் தலைவி கேட்டபோது அவள் குரல் உடைந்துவிட்டது.

அதிகாரிக்கு மனசு கேட்கவில்லை. பெண்டாட்டி கண்கலங்கினால் தாங்குகிற ஆள் இல்லை அவர். "அழாத. நாளைக்கு ரெண்டு கூட்டமா போட்டுடலாம்" என்று தேற்றினார்.

மறுநாள் அவருக்குக் கடைவாய்ப் பல் வலி. பல் டாக்டரிடம் ஓடிவிட்டார். முதலாளியே கூட்டத்துக்குத் தலைமை தாங்கிக் கதவைச் சாத்தினார். பம்பின் கூச்சல் கொஞ்சமும் குறையவில்லை. அழுத்திச் சாத்தினார். தோள் கொடுத்துத் தள்ளினார். ம்ஹூம்! சைகையிலேயே கொஞ்ச நேரம் கூட்டம் நடத்திப் பார்த்துவிட்டு, கலைத்துவிட்டார். அன்றைய சோதனைத் துண்டு ஓவனிலிருந்து வந்தபோது, தலைவி அதில் தன் முகத்தைப் பார்த்துக் கலைந்த முடியைச் சரிசெய்துகொண்டாள்.

அதற்கு அடுத்த நாள், கடைசி அச்சின் முதல் அடுக்கைப் பைக்குள் வைத்துப் பம்பைப் போட்டார்கள். அதிகாரி வீங்கிய கன்னத்தோடு வந்து சேர்ந்தார். நேற்று ஏன் துளை வரவில்லை என்பதை ஆராய அவசரக் கூட்டம்.

"அத்தான், உங்க கதவு நேத்து மானத்தை வாங்கிடுச்சு" என்றார் முதலாளி, பம்புக்கு மேல் கத்தி.

"அதுக்கு ஒரு கைப்பக்குவம் இருக்கு மாப்ள. எல்லாருக்கும் வராது."

வெளியே போனார். வந்தார். கதவைச் சாத்தினார். அமைதி.

முதலாளி வழக்கம்போல வாய் பிளந்தார். தலைவி பிளக்கவில்லை. நேற்று கதவு கெட்டது, துண்டு நன்றாக வந்தது. இன்று கதவு நன்றாக இருக்கிறது. எழுந்து போய்க் கதவை விரியத் திறந்தாள்.

"ஏங்க, கதவைத் திறந்தும் சத்தம் வரலையே?"

அதிகாரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். தலைவி ஓடினாள். பம்பின் சுவிட்ச் அணைந்திருந்தது. குழாய் வழியாகப் போன காற்று அதே குழாய் வழியாக வீடு திரும்ப, பை தொளதொளவென்று கிடந்தது. நல்லவேளை, பிசின் இறுகவில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கூட்டம் முடிஞ்சதும் மறுபடி போட்டுடுவேனே! முள்ளும் ஏறிடுமே!" என்றார் அதிகாரி. "சாக்கு மாதிரி, ஒரு தடவை இறுக்கிக் கட்டினா போதும்னு நெனச்சேன். அதுவும் இல்லாம, அந்தக் கதவு ஒண்ணுத்துக்கும் உதவாதுன்னு வெளிய தெரிஞ்சா எனக்குத்தானே அவமானம்?"

"அப்போ எங்க கிரீமு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் துணி ஒட்டும் பெண் ஒருத்தி.

அச்சு பளிங்காக வந்தது. வாங்குபவர் தடவிப் பார்த்தார். விரல் வழுக்கிக்கொண்டு போனது. அச்சுப் பிரிவு பிழைத்தது. தலைவி கணவரின் கையைப் பிடித்து, கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டாள்.

"சாயங்காலம் வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் உள்ள கால் வச்சிடாதீங்க, புண்ணியமாப் போகும்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றும் அதிகாரிகள் அருகிவிட்ட காலம் இது. குற்றவாளியைப் பிடித்தே தீருவேன் என்றார் நம் தர அதிகாரி. பல்வலி வந்த அந்த ஒரு நாள் நீங்கலாக, ஒரு கூட்டம் தவறாமல் அவனை அழைத்து வந்து, தலைமை நாற்காலியிலேயே உட்கார வைத்தார்.