காங்கோவுக்கு ஓர் அர்ச்சனை

காங்கோ நாட்டில் ஒரு துப்பாக்கி வெடித்தால் உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு பாறையின் விலை ஏறும். இப்படி ஒரு சந்தை லண்டனில்கூட இருந்திருக்காது. வாங்குவதற்குத்தான் ஆள் கிடையாதே தவிர, விற்பவர் ஒருவர் இருந்தார். நான் குமாஸ்தாவாக இருந்த பஞ்சாயத்து யூனியன் அலுவலகத்துக்கு எதிரே கோலி சோடா கடை வைத்திருந்தவர். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டோடு சரி. ஊருக்கு அவர் ‘காங்கோ’.

மானாம்பதி சாலையில் அவருக்கு ஒரு பாறைமேடு இருந்தது. கள்ளியைத் தவிர எதுவும் முளைக்காத இடம். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு நாள் அங்கே சர்க்கார் ஜீப் ஒன்று வந்து நின்றது. கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் இறங்கி, ஒரு பெட்டியைப் பாறைமேல் வைத்தார். பெட்டி டிக், டிக் என்றது. “இது யுரேனியம் தேடும் பெட்டி. ஆனால் எந்தக் கருங்கல்லில் வைத்தாலும் கொஞ்சம் அடிக்கத்தான் செய்யும்” என்று விளக்கிவிட்டு, இரண்டு சோடா குடித்துவிட்டு அவர் போய்ச் சேர்ந்தார். நம்மவர் அந்த விளக்கத்தின் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்.

“இல்லாத சரக்குக்கு ஜீப்பு வருமா சார்? அதுவும் பெட்ரோல் போட்டுக்கினு?” என்பார்.

அறுபதாம் ஆண்டு ஆனி மாதத்தில் காங்கோவுக்குச் சுதந்திரம் வந்தது. கூடவே கலகமும் வந்தது. பட்டாளம் அதிகாரிகளை அடித்தது. ஒரு மாகாணம் தனிநாடு என்றது. உலகத்தின் பேர்போன யுரேனியச் சுரங்கம் ஒன்று அங்கேதான் அடைபட்டுக் கிடக்கிறது என்று பூகோள வாத்தியார் சோடா குடிக்க வந்த இடத்தில் சொல்லி வைத்தார். பெட்டி டிக் என்றதைவிடப் பலமாக அடித்தது சோடாக்காரரின் நெஞ்சு.

“வெளையிற ஊருல கலாட்டான்னா சரக்கு வெளிய வராது. சரக்கு வராட்டி வெல ஏறும். கத்திரிக்காவுக்கு ஒரு நாயம், இதுக்கு ஒரு நாயமா?”

அன்று முதல் மாலைச் செய்தி நேரத்தில் அவர் கடையில் யாருக்கும் சோடா கிடைக்காது. பஞ்சாயத்து ரேடியோ காங்கோவை முடிக்கும் வரை, கோலியை உள்ளே தள்ள வேண்டிய கட்டைவிரல் அந்தரத்திலேயே நிற்கும். தாகத்தோடு வந்தவர்களும் சேர்ந்து செய்தி கேட்டார்கள். எங்கள் ஊர் அளவுக்கு ஆப்பிரிக்க விவகாரம் தெரிந்த ஊர் தமிழ்நாட்டில் வேறு இருந்திருக்காது.

பாறையை வாங்க ஆள் கிடையாது என்றேன். யுரேனியமாக வாங்கத்தான் ஆள் இல்லை. ஜல்லிக்காகக் கேட்டவர் ஒருவர் இருந்தார், செங்கல்பட்டுக் காண்ட்ராக்டர். நியாயமான விலைதான் சொன்னார். ஆனால் ஒவ்வொரு முறை வரும்போதும் இங்கே விலை மாறியிருக்கும்.

“யோவ், போன வாரம் வேற வெல சொன்னியே!”

“போன வாரம் காங்கோவுல ஒரு கவுருமெண்டு இருந்துச்சு. இன்னிக்கி ரெண்டு கீது.”

“ஜல்லிக்கும் கவுருமெண்டுக்கும் இன்னாய்யா சம்பந்தம்?”

“உனுக்கு ஜல்லி. எனுக்கு யுரேனியம்.”

பூகோள வாத்தியார் மறுபடியும் சோடா குடிக்க வந்தார். உலகத்தில் யுரேனியம் விலை ஏறவே இல்லை, கனடாவில் தேவைக்கு மேல் கிடக்கிறது என்றார். சோடாக்காரர் முகம் சிறுத்துப்போனது.

“அங்க இன்னா கலாட்டா வாத்தியாரே?”

“கலாட்டா எதுவும் இல்லை. குளிர்தான்.”

“அடுத்தவன் பொயப்ப கெடுக்கறதுக்குன்னே சும்மா குந்திக்கினு கீறானுங்க” என்று அவர் கனடாவை அன்றோடு ஒதுக்கி வைத்தார்.

இத்தனைக்கும் நடுவில் அவருடைய மகள் சரசுவின் கல்யாணம் நின்றுகொண்டிருந்தது. மானாம்பதியில் நல்ல பையன், பெண்ணுக்கும் பிடித்திருந்தது. பாறைமேட்டை விற்றால்தான் கல்யாணம். பாறையோ காங்கோவைப் பார்த்துக்கொண்டிருந்தது. பையனின் தகப்பனார் வந்து, “தை மாசம் தாண்டுச்சுன்னா நாங்க வேற எடம் பாத்துக்கறோம்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். சரசு அழவில்லை. “நைனா, அவங்க சண்ட முடியறதுக்குள்ள எனுக்கு நரைச்சிடும்” என்றாள்.

அவள் தாயார் தனம் என்னிடம் வந்தார். “சார், காங்கோவுக்குச் சொதந்திரம் வந்த தேதி இன்னா?”

ஆனி பதினாறு என்றேன். எதற்கு என்று கேட்டேன்.

“திருப்புலிவனம் கோயில்ல அர்ச்சன பண்ணணும். நச்சத்திரம் வேணாமா?”

காங்கோவில் சமாதானம் வந்தால் விலை இறங்கும். விலை இறங்கினால் மனுஷன் பாறையை விற்பார். தனத்தின் கணக்கில் நான் குற்றம் காணவில்லை. குருக்கள் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டி, பூரம், சிம்ம ராசி என்றார்.

“சிம்மமா? அதான் இப்டி அட்சிக்கிறாங்க” என்றார் தனம்.

கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சிவ கோத்திரம் என்று சொல்வது வழக்கம். ஆகவே காங்கோ சிவ கோத்திரமாயிற்று. வியாழன்தோறும் தட்டு வைக்கப்பட்டது.

விஷயம் சோடாக்காரர் காதுக்கு எட்டியது. “என் வூட்டுக்காரியே கட்சி மாறிட்டா!” என்று அடுத்த வியாழக்கிழமை அவரும் தேங்காய், பழத்தோடு கிளம்பினார். எதிர் அர்ச்சனை. வரிசையில் அவருக்கு அடுத்து நான் நின்றேன்.

குருக்கள் தட்டை வாங்கினார். “பேரு?”

“காங்கோ.”

“தெரியும். பூரம், சிம்மம். என்னன்னு வேண்டிக்கறேள்?”

சோடாக்காரர் வாயைத் திறந்தார். மூடினார். சன்னிதியில் தீபம் நேராக எரிந்துகொண்டிருந்தது. பின்னால் ஒரு கிழவர், “சீக்கிரம் சொல்லுப்பா” என்றார்.

“வந்து சாமி... அவங்க இன்னும் கொஞ்ச நாளு...” அதற்கு மேல் வரவில்லை. கடைத்தெருவில் இத்தனை நாள் வாய் ஓயாமல் சொன்னதை அந்த இடத்தில் சொல்ல முடியவில்லை. கடைசியில், குருக்களுக்கும் எனக்கும் மட்டும் கேட்கிற குரலில், “அங்கயும் பொண்ண வச்சிக்கினு தவிக்கிறவன் இருப்பான்ல. நல்லா இருக்கட்டும்னு சொல்லிடு சாமி” என்றார்.

மணி அடித்தது. விபூதியை வாங்கியவர் திடுக்கிட்டுத் திரும்பினார். “அய்யய்யோ! சார், சைக்கிள எடு!”

“என்னய்யா?”

“நானே அர்ச்சன பண்ணிட்டேன். இனிமே அங்க சமாதானம்தான். வெல வுழுறதுக்குள்ள வித்துடணும்!”

பின்சீட்டில் அவரையும் தேங்காய் மூடியையும் வைத்துக்கொண்டு, யூனியன் அலுவலக வாசலில் நின்ற காண்ட்ராக்டரைப் பிடித்தேன். காண்ட்ராக்டர் முதன்முதலில் சொன்ன விலைக்கே சோடாக்காரர் முடித்தார். சரக்கின் நிலவரம் தெரியாத ஆளை ஏமாற்றிவிட்டோமே என்று இரண்டு நாள் வருத்தப்பட்டார்.

தையில் கல்யாணம். ஊர் முழுக்க சோடா குடித்து ஏப்பம் விட்டது.

காங்கோவில் சமாதானம் வரவில்லை. விற்க ஒரு கூழாங்கல்கூட மிச்சமில்லாதபோதும், மாதாமாதம் பூரத்தன்று அவர் தட்டோடு போவதை நிறுத்தவும் இல்லை.

இப்போது அவர் இல்லை. போன பூரத்தன்று திருப்புலிவனம் போயிருந்தேன். குருக்கள் என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டார், பெயரைக் கேட்கவில்லை.