முடிச்சண்ணனின் காற்று வண்டி

செஞ்சியில் காற்றோடு சண்டை போட்டு இதுவரை தோற்காத ஒரே மனிதர் முடிச்சண்ணன்தான். எங்கள் ஊர்க் காற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இதன் அருமை புரியாது. மலைகளுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு வருகிற காற்று அது. ஆடி மாதத்தில் கொடியில் காயப்போட்ட வேட்டியை அடுத்த தெருவுக்குப் போய்த்தான் விசாரித்து வாங்கி வர வேண்டும். அப்படிப்பட்ட காற்றில் முப்பது வருஷமாகப் பந்தல் போடுகிறார். ஒரு கீற்றுகூடப் பறந்ததில்லை.

காரணம் அவர் போடும் முடிச்சு. அதை அவராலேயே அவிழ்க்க முடியாது. விசேஷம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது அரிவாளால் அறுத்துத்தான் எடுப்பார். அவருடைய ரேஷன் கார்டை நானே பத்துத் தடவை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இருந்தும் அவருடைய நிஜப் பெயர் என் மனதில் தங்கியதில்லை. ஊருக்கே அவர் முடிச்சு. எனக்கு முடிச்சண்ணன்.

என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே அவருடைய சாமியானா குடோன். என்னைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. செஞ்சியில் பிறந்து வளர்ந்தும் ராஜகிரிக் கோட்டை உச்சிக்கு ஏறாதவன். மேலே ஒரு பாலம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாதம். ஆடியில் கல்யாணம் கிடையாது. பந்தல்காரர் சும்மா இருக்கிற மாதமும் காற்று சும்மா இல்லாத மாதமும் ஒன்றாக வந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். முடிச்சண்ணன் செல்போனை நீட்டியபடி என் கடைக்கு வந்தார். அதில் ஏதோ ஒரு வெளிநாட்டு மணல்வெளியில் மூன்று சக்கர வண்டி ஒன்று பாய்மரம் கட்டிக்கொண்டு சீறிப் போயிற்று. இன்ஜின் இல்லை, மாடும் இல்லை.

"தம்பி, இத எப்பிடி செய்யறதுன்னு இன்டர்நெட்ல பாத்து பிரிண்ட் போட்டுக் குடு."

"எதுக்குண்ணே?"

"முப்பது வருசமா காத்து நம்மள வேல வாங்குது. ஒரு நாளாவது நாம அத வேல வாங்க வேணாமா?"

நான்கு பக்கம் பிரிண்ட் போட்டேன். ஆங்கிலத்தில் இருந்ததை எனக்குத் தெரிந்தவரை தமிழில் சொன்னேன். மூன்றாவது பக்கத்தில் ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

"அண்ணே, பாய்க்கயித்த எங்கியும் கட்டக் கூடாதாம். கையிலதான் புடிச்சிகினு இருக்கணுமாம். வண்டிய நிறுத்தணும்னா கயித்த வுட்டுடணுமாம்."

முடிச்சண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கயித்த வுடுறதா? வுடாம இருந்துதான் தம்பி நான் இத்தினி வருசமா சோறு துன்னுறேன்."

பத்தே நாளில் வண்டி தயாரானது. வெல்டிங் கிடையாது, ஆணி கிடையாது. எல்லாமே சவுக்குக் கம்பும் கயிறும்தான். பின்னால் ஒரு பழைய தள்ளுவண்டியின் அச்சும் இரண்டு சக்கரங்களும். முன்னால் ஒரு சின்ன சைக்கிளின் சக்கரம், அதைக் காலால் திருப்ப வேண்டும். உட்கார, கால் அறுத்த வாடகை நாற்காலி. பாய்க்கு வேறு துணி பெரிதாகக் கிடைக்காததால் கல்யாண வாசலில் கட்டுகிற சாமியானா துணியையே ஏற்றிவிட்டார். மஞ்சள் துணி, சிவப்பு ஜாலர், நடுவில் பெரிய எழுத்தில் 'நல்வரவு'. பாய்க்கயிற்றை வண்டிச் சட்டத்தில் தன் பேர்பெற்ற முடிச்சால் கட்டினார். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

சிங்கவரம் போகிற வழியில் ஒரு ஏரி வறண்டு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது அவருடைய மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்த அண்ணி அதிகம் பேசாதவர். அன்று கண் கலங்கியிருந்தது.

"தம்பி, அவரு சொன்னா கேக்க மாட்டாரு. நீயாவது கூடவே இரு. நடுவுல வுட்டுட்டு ஓடிடாத."

"சரி அண்ணி," என்றேன். கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதைத்தான் அவர் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் ஓட்டத்தில் முடிச்சண்ணன் தனியாக ஏறினார். இடது பக்கத்திலிருந்து காற்று அடித்தது. வண்டி பத்தடி போனதும் இடது சக்கரம் மேலே தூக்கி, அப்படியே வலது பக்கம் சாய்ந்து விழுந்தது. அவர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். ஒரு பலகையை எடுத்து இடது பக்கம் வெளியே நீட்டிக் கட்டினார். பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். எடை போடுகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"இன்னா தம்பி, ஒரு எழுவது கிலோ இருப்பியா?"

"எனக்கு முதுகு வலிண்ணே."

"உக்கார்றதுக்கு முதுகு எதுக்கு?"

அண்ணியிடம் 'சரி' என்று சொன்னது ஞாபகம் வந்தது. உட்கார்ந்தேன். பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் வண்டி நகரவே இல்லை. மனதுக்குள் அங்காளம்மனுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் காற்று வந்துவிட்டது.

அந்த வேகத்தை நான் பஸ்ஸில்கூடப் பார்த்ததில்லை. வெடித்த ஏரிமண்ணில் வண்டி தடதடவென்று குதித்தது. என் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. ஆடுகள் நாலா பக்கமும் சிதறின. அவற்றை மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், 'நல்வரவு' என்று ஒன்று தன்னை நோக்கி வருவதைப் பார்த்து, மடித்துக்கட்டிய வேட்டியை மரியாதையாக இறக்கிவிட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார். அங்காளம்மன் போதாது என்று தோன்றி, முடிச்சண்ணன் வீட்டில் கும்பிடுகிற அந்தோணியாரையும் கூப்பிட்டேன்.

அப்போதுதான் பள்ளம் தெரிந்தது. வண்டல் மண் வெட்டி எடுத்த பள்ளம். இரண்டு ஆள் ஆழம் இருக்கும்.

"அண்ணே, பள்ளம்."

"பாத்துட்டேன்."

"திருப்புங்கண்ணே."

"திருப்பிகினுதான் இருக்கேன். அது திரும்பல."

"கயித்த அவுருங்கண்ணே."

அவர் குனிந்தார். நகத்தால் முடிச்சை நோண்டினார். அரிவாள் டெம்போவில் இருந்தது. கடைசியில் பல்லால் கடித்தார். முடிச்சு அசையவில்லை. நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ரத்தமே இல்லை. முடிச்சண்ணன் பயந்து நான் பார்த்தது அன்றுதான், அதைப் பார்த்ததும் எனக்கு மிச்சமிருந்த தைரியமும் போய்விட்டது.

"தம்பி, நீ குதி."

"நீங்க?"

"நீ குதிடா."

நான் இறங்கினால் வண்டி அவரைப் போட்டுக்கொண்டு சாயும். அதை அரை மணி நேரத்துக்கு முன்புதான் கண்ணால் பார்த்திருந்தேன். அண்ணியின் கலங்கிய கண்ணும் ஞாபகம் இருந்தது. எல்லாம் தெரிந்தும் நான் குதித்தேன்.

நாலு உருள் உருண்டேன். சவுக்குக் கம்பு முறிகிற சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தால், பள்ளத்துக்குப் பத்தடி முன்னால் வண்டி கவிழ்ந்து கிடந்தது. மேலே தூக்கிய சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் மூடிக்கொண்டு 'நல்வரவு' துணி. அதற்கு அடியில் எந்த அசைவும் இல்லை.

என் வாழ்நாளில் நான் பட்ட பயத்தையெல்லாம் கூட்டினாலும் அந்த நிமிஷத்துக்கு ஈடாகாது. துணியைத் தூக்கிப் பார்க்கக் கை வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே மூன்று தடவை "அண்ணே" என்று கூப்பிட்டேன். அழுதுகொண்டுதான் கூப்பிட்டேன்.

துணிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "முடிச்ச பாத்தியா தம்பி? கம்பே முறிஞ்சிடுச்சி. அது அவுரல."

தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு அண்ணி ஓடி வந்தார். என்னை அவர் பார்ப்பதற்குள் நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். கட்டுப் போடும்போதே முடிச்சண்ணன் அண்ணியிடம் பேச ஆரம்பித்தார்.

"தம்பி மட்டும் இல்லன்னா நான் பள்ளத்துல கெடப்பேன். எட போனா வண்டி சாஞ்சி நின்னுடும்னு யோசிச்சி, சரியான நேரத்துல குதிச்சான் பாரு. இன்னா மூள இவனுக்கு."

கதை ஊர் முழுக்கப் பரவியது. டீக்கடையில் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். அண்ணி தூக்குவாளியில் கறிக்குழம்பு கொடுத்தனுப்பினார். அதைச் சாப்பிடும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. ருசியாகவும் இருந்தது, அதுதான் இன்னும் கேவலம்.

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தத்துக்கு முடிச்சண்ணன் ஒரு கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு பந்தல் வேலையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அருகில் போனேன்.

"அண்ணே, நான் ஒண்ணும் யோசிக்கல. பயந்துதான் குதிச்சேன். அண்ணிகிட்ட சொன்னதையும் மீறிட்டு உங்கள வுட்டுட்டு குதிச்சேன்."

"தெரியும். உன் மூஞ்ச பாத்தேனே."

"அப்புறம் ஏன் அப்பிடி சொன்னீங்க?"

அவர் ஒரு கயிற்றைச் சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "நான் பயந்துபோயி முடிச்ச பல்லால கடிச்சனே. அத நீ யாருகிட்டயாவது சொன்னியா?"

நான் சொல்லியிருக்கவில்லை. இப்போது எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுதிக்கோ, எலும்புதான் கூடிடுச்சே" என்றார்.

இந்த ஆடிக்கு இரண்டாவது வண்டி தயாராகிக்கொண்டிருக்கிறது. பாய்க்கயிற்றைக் கையில்தான் பிடிப்பேன் என்று அந்தோணியார்மேல் சத்தியம் செய்திருக்கிறார். நான் அதை நம்பவில்லை. இடது பக்கப் பலகை கண்ணில் படாமலிருக்க, கடையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதில் வேறு யாரையாவது அவர் உட்கார வைத்தால் என்னால் தாங்க முடியாது.