கீழே நின்று பார்த்த கோணி

காலை ஒன்பது நாற்பது. நான் முதலில் கண்டது, கரும்பலகையில் பாதி அழிந்திருந்த ஒரு பாலத்தின் படம். எழுபதுகளின் நடுவில், கட்டடக்கலைப் படிப்புக்கான வரைதல் தேர்வு நடந்த அறை அது. மிச்சமிருந்தது ஒரே இடம்; போட்டிக்கு ஆறு பேர். கணக்கில் நான்தான் முதல். கணக்கு போதும், வரைவதெல்லாம் சும்மா என்று மலையாள எல்லையோரத்தில் தமிழ் பேசும் எங்கள் ஊரான எலப்புள்ளியில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். (அவர்களில் ஒருவரும் அந்தக் கல்லூரியை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.)

கேள்வித்தாள் ஆங்கிலத்தில் அச்சிட்டுத் தரப்படும் என்று கடிதம் வந்திருந்தது. தரவில்லை. கண்காணிப்பாளர் மலையாளத்தில் வாயாலேயே சொன்னார்: “கோணி. தாழெ நின்னு நோக்குன்னது போலெ வரைக்கணம்.”

கீழே நின்று பார்ப்பதுபோல் வரைய வேண்டும், அது புரிந்தது. கோணி என்றால் எங்களுக்குச் சாக்கு. பக்கத்திலிருந்தவனைக் கேட்டிருக்கலாம். மலையாளம் தெரியாதவன் என்று நினைத்துவிடுவானே என்ற திமிர். சாக்கைக் கீழே நின்று எப்போது பார்ப்போம்? சுமைக்காரர் தலைக்கு மேல் தூக்கும்போது. எங்கள் தோட்டத்துக் கடலைச் சாக்கையே வரைந்தேன். சணல் இழை ஒவ்வொன்றும், வாய்த் தையலும், ஓட்டை வழியே எட்டிப் பார்க்கும் ஒரு கடலையும் உட்பட.

மதியம் நேர்காணல். எதிரே மூன்று பேர். நடுவிலிருந்தவர் என் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

“படி எவிடெடோ?”

“கடலையெ படியில அளக்கறதில்லீங்க சார். மூட்டைக் கணக்குங்க.”

மூவரும் சிரித்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் சொன்னார்கள், மலையாளத்தில் கோணி என்றால் மாடிப்படியாம்.

“தாள் குடுத்திருந்தீங்கன்னா படியே வரஞ்சிருப்பேனுங்க!”

“அடுத்தயாள் வரட்டெ” என்றார் நடுவிலிருந்தவர்.

இடம் வேறொருவனுக்குப் போனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு அறைக்கு வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும் என்று கேட்டார்களா? இல்லை. இழை இழையாக வரைந்த கையைப் பார்த்தார்களா? அதுவும் இல்லை. கொடுப்பதாகச் சொன்ன தாளைக் கொடுக்காதவர்கள், என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வீட்டில் இதையெல்லாம் கொதிக்கக் கொதிக்கச் சொன்னேன். அப்பா கடைசிவரை கேட்டார்.

“ஏண்டா, சாக்கு வரஞ்சது பத்தாதுன்னு சாக்கு வேற சொல்றயா?”

அம்மா அடக்கப் பார்த்து, முடியாமல் எழுந்து போனாள். இன்றும் எங்கள் வீட்டில் யாராவது தாமதமாக வந்து காரணம் சொன்னால், “கீழ நின்னு பாத்த சாக்குங்களா?” என்றுதான் கேட்பார்கள். என் பேத்திவரை.

பின்னாளில் எலப்புள்ளியில் நான் ஒரு வீடு கட்டினேன். அதற்கு மாடி கிடையாது.