சுவரைக் கட்டிப்பிடித்த படகு

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் (இன்னும்) எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்களாவது இரத்தக்கொதிப்பு அடங்கி நலமாயிருக்க வேண்டுகிறேன். போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். கடைசியாக வைக்கும்போது, "மாடி ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டுச் சாப்பிடக்கூட வரமாட்டேங்குறா. நீங்கல்லாம் ஒரு மனுஷனா மாப்ள?" என்று கேட்டீர்கள். மனுஷன்தான் மச்சான். நடந்ததை முழுசாகக் கேட்டுவிட்டு அவளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், புண்ணியமாய்ப் போகும்.

ரிட்டயர் ஆனவன் சும்மா உட்காரக் கூடாது என்று சொன்னதே நீங்கள்தான். நீங்கள் நடைப்பயிற்சியை நினைத்துச் சொன்னீர்கள், நான் பாய்மரப் படகு என்று எடுத்துக்கொண்டேன். ஒற்றைப் படகு கவிழுமே என்று, இரண்டு ஒல்லிப் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, குறுக்கே இரண்டு உத்தரம் போட்டு இணைக்கிற இரட்டைப் படகாகவே ஆரம்பித்தேன். எனக்குத் துணை எதிர்வீட்டுக் கேப்டன். தொப்பி போடுவதால் கேப்டன். மற்றபடி தபால் ஆபீஸில் இருந்தவர், குளத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். நீங்கள் பெருந்தன்மையாகக் குடியிருக்க விட்ட உங்கள் வீட்டில் எந்த அறையிலும் இரண்டும் சேர்ந்து அடங்கவில்லை. அதனால் ஒன்றை ஹாலிலும் இன்னொன்றைப் படுக்கையறையிலும் கட்டினோம். கட்டில் சமையலறைக்குப் போயிற்று. உங்கள் தங்கை கேஸ் சிலிண்டர் பக்கம் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிறைய வார்த்தை சொன்னாள், ஆனால் வீட்டை விட்டுப் போகவில்லை.

உத்தரங்கள் சரியாக உட்காருகின்றனவா என்று பார்க்க வேண்டிய நாள் வந்தது. இரண்டையும் முற்றத்துக்குத் தூக்கிப் போயிருக்கலாம். எனக்கு இடுப்புப் பிடிப்பு, கேப்டனுக்குப் பிறவிச் சோம்பல். "இருக்கிற இடத்துலயே பாத்துடலாம்ணே" என்றார். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே உங்கள் கல்யாணப் போட்டோ மாட்டிய சுவர் இருக்கிறதே, அதற்கு ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் கம்பியில்லாத ஜன்னல். கதவு வழியாக ஒரு உத்தரம், ஜன்னல் வழியாக ஒரு உத்தரம் விட்டோம். அடடா, என்ன பொருத்தம் மச்சான்! நம்ம வீட்டுக் கல்யாணத்தில்கூட அப்படி ஒரு பொருத்தம் கிடையாது. அந்தச் சந்தோஷத்தில் கேப்டன், "சூட்டோட சூடா ஒட்டிடுவோம்ணே" என்றார், நானும் மளமளவென்று பசையைப் பூசினேன். நடுவில் சுவர் இருப்பது காபி குடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ப் பிடுங்கினோம், உதைத்தோம், கெஞ்சினோம், அசைந்தால்தானே! தண்ணீரிலேயே கிடந்தாலும் விடாது என்று பசை டப்பாவில் போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் வாங்கினேன், பாவிகள் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிவிட்டார்கள்.

தச்சரைக் கூப்பிட்டேன். சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். "சார், வீட்டுக்குள்ள படகு கட்டுறவங்களைப் பாத்திருக்கேன். படகுக்குள்ள வீட்டைக் கட்டினது நீங்க ஒருத்தர்தான்" என்றவர், போன் போட்டு ஊரிலுள்ள தச்சர்களை எல்லாம் வரவழைத்தார். வேடிக்கை பார்க்க வந்த அத்தனை பேருக்கும் உங்கள் தங்கைதான் காபி போட்டாள். அப்புறம் பீரோவில் துணி எடுக்கக் கதவில் நீட்டிய உத்தரத்துக்கு அடியில் குனிந்து போனவள், நிமிர்ந்தபோது அதிலேயே நெற்றியை இடித்துக்கொண்டாள். வீங்கிய நெற்றியோடு வந்து, "இந்த வீட்டுல நான் இருக்கணுமா, உங்க படகு இருக்கணுமா?" என்று கேட்டாள். நான் பண்ணிய ஒரே தப்பு, பதில் சொல்லுமுன் கொஞ்சம் யோசித்ததுதான். சத்தியமாகச் சொல்கிறேன், படகை எப்படி வெளியே எடுப்பது என்றுதான் யோசித்தேன். அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு பையைத் தூக்கிவிட்டாள்.

அவள் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது மச்சான். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்கக்கூட ஆளில்லை. கேப்டனிடம் கேட்டால் தென்மேற்கு என்கிறார். என்னை அதட்ட ஒரு ஆள் இல்லாமல் எனக்கு வேலையே ஓட மாட்டேங்குது. படகும் வேண்டாம், கடலும் வேண்டாம். தச்சரிடம் ரம்பம் இரவல் வாங்கிவிட்டேன். இதைத் தபாலில் போட்டதும் என் கையாலேயே படகை அறுத்துப் போடுகிறேன். நீங்கள் பெரிய மனசு பண்ணி அவளைப் பஸ் ஏற்றிவிடுங்கள். என் உயிரே அவள்தான் என்று சொல்லுங்கள். நான் சொன்னால் சிரிப்பாள்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் கூறி, உங்களிடம் மன்னிப்பும் கோரி,

உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் தங்கையே வந்து நிற்கிறாள். என் கையில் ரம்பத்தைப் பார்த்ததும், "படகுல கை வெச்சீங்க, நடக்கிறதே வேற! அப்ப இதை நான் எதுக்கு ராப்பகலாத் தெச்சேன்?" என்று பையிலிருந்து ஒரு முழுப் பாய்மரப் பாயை உருவி விரித்தாள். மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழவில்லை மச்சான், உங்கள் வீட்டுத் தையல் மெஷினை ஓட்டியிருக்கிறாள். அந்த அறை ஜன்னலில் திரை இருந்ததே, போய்ப் பாருங்கள், இருக்காது. "மரத்தை எதுக்கு அறுக்கணும், செவுத்தை இடிங்க. அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்று கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டாள். உள்சுவர் முடிந்தது, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசல்சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே மேலே எழுதிய எதையும் நீங்கள் படிக்க வேண்டாம். முன்பக்கச் சின்னப் பாய்க்குத் துணி பற்றவில்லையாம். வரும்போது உங்கள் ஹால் திரையையும் கழற்றி எடுத்து வரச் சொல்கிறாள்.